சாவல்

ஸ்ரான்லி வீதியில், மோட்டார்ச் சாமான் கடையில்
பத்தொன்பது வருசம் நின்று விற்றவன் நான்.
விற்றது எதுவும் ஞாபகமில்லை.
விற்காதது ஒன்று இருக்கிறது.

ஒஸ்ரின் ஏ-போர்ட்டிக்கு யாரும் வந்தால்
திரும்பிப் பாராமலே கை நீட்டுவேன்,
மூன்றாம் தட்டு, இடப்பக்கம்.
மொறிஸ் மைனருக்கு ஏணியும் தேவையில்லை.
பஸ்தியாம்பிள்ளை வந்தால் மட்டும்
கொப்பியை மூடிவிட்டுத் தேத்தண்ணி சொல்வேன்.
அவருடைய காருக்கு என்னிடம் இருந்த ஒரே சாமான் அதுதான்.

"ஜவெற் ஜாவலின். ஹெட் கஸ்கெற்."
"இல்லை அண்ணை."
"தெரியும். கேட்டு வைப்பம்."

ஊர்காவற்றுறையில் இன்னொன்று நிற்குதென்று யாரோ சொல்ல
ஞாயிறு பூசையையும் விட்டுவிட்டுப் போனார்.
நின்றதுதான். கோழிக்கூடாக.
ஒரு கதவுப்பிடியோடும்
இரண்டு முட்டையோடும் திரும்பி வந்தார்.

ஜாவலின் என்ற பேர் குருநகரைத் தாண்டவில்லை.
சாவலின் ஆகி, பிறகு வெறும் சாவல்.
நாலரைக்கு மீன்பெட்டியோடு அது கிளம்பினால்
கடற்கரை ஒழுங்கையின் அசல் சாவல்கள்
பிந்திக் கூவின.
எஞ்சினில் சிலிண்டர் நாலும் நிமிர்ந்து நிற்காது,
காலோடு கால் முட்டப் படுத்த நாலு பிள்ளைகள் மாதிரி.
றேடியேற்றர் எஞ்சினுக்குப் பின்னால்.
"செய்தவன் வெறியிலையோ செய்தவன்?"
"வெறியில்லை. யோசிச்சிருக்கிறான்."

நல்லூர்த் தேருக்கு ஆள் ஏற்றிய ஒரு வருசம்
முன்சீற்றில் இருந்த இங்கிலீஷ் வாத்தியார்
ஜாவலின் என்றால் வேல் என்று சொல்லிவிட்டார்.
வேலும் அதுதான், சாவலும் அதுதான்.
பின்சீற்றில் ஐந்து பேரும் கும்பிட்டார்கள்.
இறங்கிய ஒருத்தி பொனற்றில் விபூதி பூசினா.
பஸ்தியாம்பிள்ளை துடைக்கவில்லை.
கண்ணாடியில் தொங்கிய அந்தோனியாரிடம்
"கொஞ்சம் தள்ளி இரும்" என்றாராம்.

கம்பனிக்கு நான்தான் கடிதம் எழுதினேன்.
கனம் ஐயா என்று தொடங்கி
கீழ்ப்படிவுள்ள என்று முடிய, நடுவில் ஒரு கஸ்கெற்.
நாலு மாதத்தால் அதே உறை திரும்பி வந்தது.
பிரட்ஃபோட் தபாற்காரன் பென்சிலால் எழுதியிருந்தான்:
கார் செய்யிறதை விட்டுக் கனகாலம்.
அதற்குக் கீழே, இன்னும் சின்னதாய்:
என் தகப்பனும் அங்கே வேலை செய்தவர்.
அது இன்னும் ஓடுதா?

அந்த உறையை லைசென்சோடு வைத்திருந்தார்.
பொலிஸ் மறித்தால் இரண்டையும் நீட்டுவார்.

பெற்றோல் வராத வருசங்களில்
ஒஸ்ரின்கள் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின.
சாவல் இரண்டு கிழமை விரதம் இருந்தது.
பிறகு சேலைன் போத்தலில் நாலு சொட்டுப் பெற்றோல் காட்ட
அதுவும் ஏமாந்தது.
அந்தப் புகைக்கு நாங்கள் எல்லாரும் அழுதோம்,
சிரித்துக்கொண்டு.

அவர் மகளிடம் மன்னாருக்குப் போனார்.
கார் போகவில்லை.

கடை மூடுகிற வருசம்
கொழும்பு ஏலத்தில் எடுத்த பெட்டி ஒன்றின் அடியில்
மெழுகுத்தாளில் சுற்றியபடி,
பேர் அச்சடித்தபடி,
ஹெட் கஸ்கெற்.
கணக்கில் எழுதவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நீர்வேலியில், வாழைகளுக்குள்
ஏதோ ஒன்று விடியக் கூவுதென்று கேள்விப்பட்டு
சைக்கிளில் போனேன்.
உடம்பில்லை, சில்லில்லை.
நாலு பிள்ளைகளும் படுத்தபடியே
தண்ணி இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

மெழுகுத்தாளைப் பிரித்துக் காட்டினேன்.
தோட்டக்காரி தவநிதி திருப்பித் திருப்பிப் பார்த்தா.
"வடிவாத்தான் இருக்கு. ஆனா என்னத்துக்கு?
மாமியின்ரை செப்புக்குடத்தை வெட்டிப் போட்டிருக்கிறம்.
ஓடுதுதானே."

ஓடியது.
இத்தனை வருசம் சொல்ல வைத்திருந்த
"இருக்கு அண்ணை"
வாயிலேயே நின்றது.

செருப்பைக் கழற்றி வாய்க்காலில் இறங்கினேன்.
எஞ்சினைச் சுற்றி வந்த தண்ணீர், இளஞ்சூடு.
பென்சிலால் கேட்டவனுக்குப் பதில் போடவில்லை இன்னும்.
உறை மன்னாரில்.
விலாசம் எனக்கு மனப்பாடம்.